எண்ணூருக்கான முன்னறிவிப்பு: டி.என்.கிருஷ்ணமூர்த்தியின் ஆய்வும் வடசென்னையின் மழையும்

கேள்வி

சென்னை மாவட்டத்துக்கு ஆரஞ்சு எச்சரிக்கை என்று வானிலை ஆய்வு மையம் அறிவித்தால் அந்த நிறம் ராயபுரத்துக்கும் உரியது, சோழிங்கநல்லூருக்கும் உரியது. இரண்டுக்கும் இடையே சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர் இருக்கிறது. வடக்கே போனால் நிலைமை இன்னும் விசித்திரம். எண்ணூர்க் கழிமுகத்தின் தென்கரை சென்னை மாவட்டம். வடகரையில் உள்ள அத்திப்பட்டும் காட்டுப்பள்ளியும் திருவள்ளூர் மாவட்டம். ஒரே நீர்ப்பரப்பின் இரண்டு கரைகளுக்கு ஒரே நாளில் இரண்டு நிறங்கள் வரக்கூடும். கொசஸ்தலையாற்று வெள்ளத்துக்கோ கடலின் ஏற்றத்துக்கோ அந்த எல்லைக்கோடு தெரியாது.

கடந்த முப்பது ஆண்டுகளில் வானிலை முன்கணிப்பு பெருமளவு முன்னேறியிருக்கிறது. புயல் எங்கே கரையைக் கடக்கும் என்பதை மூன்று நாட்களுக்கு முன்பே நம்பத்தக்க அளவில் சொல்கிறார்கள். இந்த முன்னேற்றத்தின் பலன் திருவொற்றியூர், மணலி, எண்ணூர் மக்களுக்கு எந்த அளவில் வந்து சேர்ந்திருக்கிறது என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி. அதற்கு, முன்கணிப்பியலின் போக்கை மாற்றியவர்களுள் ஒருவரும் சென்னையில் பிறந்தவருமான ஓர் ஆய்வாளரின் பணியை அளவுகோலாக எடுத்துக்கொள்கிறேன்.

கிருஷ்ணமூர்த்தி செய்தது

திருவலம் நடராஜன் கிருஷ்ணமூர்த்தி 1932இல் பிறந்தார். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1959இல் முனைவர் பட்டம் பெற்று, 1967 முதல் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். உலக வானிலை அமைப்பின் உயரிய பரிசான ஐ.எம்.ஓ. பரிசு 1996இல் அவருக்குக் கிடைத்தது. 2018இல் மறைந்தார். அவருடைய ஆய்வுக்களம் வெப்பமண்டல வளிமண்டலம் முழுவதும். பருவமழை முப்பது முதல் ஐம்பது நாட்களுக்கு ஒருமுறை ஏறி இறங்கும் அலைவு பற்றிய ஆய்வு முதல் புயல்களின் கணிப்பு வரை அது விரிந்தது. நம் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புடையவை அவற்றுள் இரண்டு.

முதலாவது, மாதிரிக்குள் மழையைச் செலுத்தும் முறை. கணினி மாதிரி ஒன்று கணக்கைத் தொடங்கும் நேரத்தில் வளிமண்டலம் எப்படி இருக்கிறது என்பதை அறிந்திருக்க வேண்டும். வெப்பமண்டலத்தில் இதுதான் பெருஞ்சிக்கல். ஐரோப்பாவில் காற்றழுத்தத்தை அளந்தாலே காற்றின் ஓட்டத்தைப் பெரும்பாலும் ஊகித்துவிடலாம். நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் அந்தத் தொடர்பு தளர்ந்துவிடுகிறது. இங்கே காற்றை இயக்குவது பெரிதும் மேகங்களுக்குள் நீராவி குளிர்ந்து நீராகும்போது வெளிப்படும் வெப்பம். எனவே, எங்கே எவ்வளவு மழை பெய்துகொண்டிருக்கிறது என்பதைச் செயற்கைக்கோள் பார்வையிலிருந்தும் மழைமானிகளிலிருந்தும் எடுத்து, மாதிரி அதே இடத்தில் அதே மழையைத் தரும் வரை அதன் ஈரப்பதத்தைப் பின்னோக்கித் திருத்தும் வழியைக் கிருஷ்ணமூர்த்தியும் அவர் குழுவினரும் 1990களின் தொடக்கத்தில் வகுத்தார்கள். மாதிரி பொய்யான வானத்திலிருந்து புறப்படாமல், உண்மையில் பெய்யும் மழையிலிருந்து புறப்பட வேண்டும் என்பது அதன் சாரம்.

இரண்டாவது, 1999இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான சூப்பர் என்சம்பிள் முறை. பல நாட்டு மையங்களின் மாதிரிகளைச் சேர்த்துச் சராசரி காண்பது அதற்கு முன்பே வழக்கில் இருந்தது. சராசரியில் நல்ல மாதிரிக்கும் மோசமான மாதிரிக்கும் ஒரே மதிப்பு. கிருஷ்ணமூர்த்தி, ஒவ்வொரு மாதிரியும் கடந்த சில மாதங்களில் ஒவ்வோர் இடத்திலும் எப்படித் தவறியது என்று கணக்கெடுத்தார். வழக்கமாகக் கூட்டிச் சொல்பவர், குறைத்துச் சொல்பவர், மழையில் மட்டும் தேர்ந்தவர் எனச் சாட்சிகளின் இயல்பை அறிந்த நீதிபதி அவர்கள் சொல்லை எடைபோடுவதைப் போன்ற முறை இது. எடை இடத்துக்கு இடம் மாறும், எதிர்மறையாகவும் இருக்கலாம். இப்படிச் சேர்த்த முன்கணிப்பு, தனி மாதிரிகளில் சிறந்ததையும் எளிய சராசரியையும் விஞ்சியது.

இந்த முறைக்கு ஓர் அடிப்படைத் தேவை உண்டு. எடையைக் கற்றுக்கொள்ள, அந்த இடத்தில் உண்மையில் என்ன நடந்தது என்ற பதிவு வேண்டும். மாதிரியின் தவறை அளக்கப் பதிவு இல்லாத இடத்தில், தவறைத் திருத்தவும் முடியாது.

பதிவு குறைந்த கரை

சென்னையின் வானிலைப் பதிவு உலகின் பழைய பதிவுகளுள் ஒன்று. கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் நுங்கம்பாக்கத்தில் வான்காணகத்தைக் கட்டியது. 1796 முதல் அங்கே வானிலைக் குறிப்புகள் எழுதப்பட்டன. இந்திய வானிலை ஆய்வுத் துறை தோன்றியதோ 1875இல்தான். இன்றும் ‘சென்னையில் இத்தனை சென்டிமீட்டர்’ என்று செய்தி வாசிக்கப்படும்போது அது பெரும்பாலும் நுங்கம்பாக்கத்தையோ மீனம்பாக்கத்தையோ குறிக்கிறது. இரண்டும் துறைமுகத்துக்குத் தென்மேற்கே அமைந்தவை.

வடக்கே செங்குன்றம், சோழவரம் போன்ற ஏரிகளில் குடிநீர்த் தேவைக்காக மழை அளக்கப்பட்டது. ஆனால் கடலோரத் தொழிற்பட்டையில் தானியங்கி நிலையங்களும் மாநகராட்சி மழைமானிகளும் வந்தது அண்மைக் காலத்தில்தான். மணலி, மணலி புதுநகர், விம்கோ நகர், கத்திவாக்கம் என்ற பெயர்கள் மழைப் பட்டியலில் தனித்தனியே இடம்பெறுவது நல்ல மாற்றம். ஆயினும் பருவமழையின் மாறுபாட்டை அறிய முப்பது ஆண்டுத் தொடர் பதிவாவது வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் சராசரி நாள் அக்டோபர் 20 என்பதை வானிலையாளர் ஒய்.இ.ஏ.ராஜ் நிறுவியது, 1901 முதல் 1990 வரையான கடலோரத் தமிழகத் தரவுகளைக் கொண்டுதான். அப்படி ஒரு நெடிய பதிவு எண்ணூரின் தரையில் கிடையாது. நகரின் எண்ணெயும் மின்சாரமும் உரமும் உருவாகும் நிலப்பகுதி, அளவீட்டில் நகரின் பிற பகுதிகளுக்குப் பின்னால் நிற்கிறது. இதை நான் தற்செயலாகக் கருதவில்லை. எங்கே வாழ்பவர்களின் பாதுகாப்பு முதன்மை என்று கருதப்பட்டதோ அங்கே கருவிகள் முதலில் வந்தன.

மாதிரி நிலப்பரப்பைப் பிரித்துக்கொள்ளும் கட்டங்களின் அளவும் இதில் சேர்கிறது. 2025 மே மாதம் நாட்டுக்கு அளிக்கப்பட்ட பாரத் முன்கணிப்பு அமைப்பு, முந்தைய 12 கிலோமீட்டர்க் கட்டத்தை 6 கிலோமீட்டராகக் குறைத்தது. புனேயின் இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் இதை உருவாக்கியது. உலகளாவிய மாதிரிகளுள் இது மிக நுண்ணியவற்றில் ஒன்று. பெருமைக்குரிய சாதனைதான். எனினும், ஒரு மாதிரி தன் கட்டத்தைப் போல ஐந்து மடங்குக்கும் குறைவான அளவுள்ள நிகழ்வுகளை நம்பகமாகக் காட்டாது என்பது துறையில் பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. அந்தக் கணக்கில் 6 கிலோமீட்டர் மாதிரி நன்றாகப் பார்க்கக்கூடியது சுமார் 30 கிலோமீட்டர் அகலமுள்ளவற்றை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் ஏறத்தாழ 15 கிலோமீட்டர். கடலும் நிலமும் ஆறும் ஆலைகளும் சேர்ந்த இந்த முழுப் பட்டையும் மாதிரியின் பார்வைக்கு ஒரு புள்ளிக்குள் அடங்கிவிடுகிறது.

மணலி, ஆகஸ்ட் 2025

2025 ஆகஸ்ட் 30 இரவு இதைத் தெளிவாகக் காட்டியது. மறுநாள் காலை வரையான கணக்கில் மணலியில் 27 செ.மீ., மணலி புதுநகரில் 26 செ.மீ., விம்கோ நகரில் 23 செ.மீ. மழை பதிவானது. ஒரு மணி நேரத்தில் 10 செ.மீ.க்கு மேல் பெய்ததால் வானிலை ஆய்வு மையம் இதை மேகவெடிப்பு என்றது. 20.4 செ.மீ.க்கு மேற்பட்டதை அதி கனமழை என்று துறை வகைப்படுத்துகிறது. அந்த வகைக்கு உரியது சிவப்பு எச்சரிக்கை. அன்று நகரின் தென்பகுதியில் பெய்த அளவு இதற்கு அருகில்கூட வரவில்லை.

தென்மேற்குப் பருவகாலத்தின் பின்பகுதியில் சென்னைக்கு மாலையிலும் இரவிலும் இடிமழை வருவது வழக்கம். மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்றும் கடற்காற்றும் சந்திக்கும் கோட்டில் மேகம் எழும்புகிறது. எந்தத் தெருவுக்கு மேல் எழும்பும் என்பதை முந்தைய நாளே சொல்ல இன்றைய அறிவியலால் இயலாது. வானிலையாளர் எட்வர்ட் லோரன்ஸ் 1963இல் காட்டியது இதைத்தான்: தொடக்க நிலையில் உள்ள நுண்ணிய வேறுபாடு விரைவில் பெருகி முழுக் கணிப்பையும் குலைத்துவிடும். கிருஷ்ணமூர்த்தியின் எடையிடும் முறை இங்கே உதவாது. அது மாதிரிகளின் நிலையான சாய்வைத் திருத்துகிறது. ஒரே இரவின் பிழையைத் திருத்துவதில்லை. பல மாதிரிகளைச் சேர்க்கும் எந்த முறையும் உச்ச அளவுகளை மழுங்கடிக்கும் என்ற குறையையும் மறைக்கக் கூடாது. இத்தகைய இரவுகளுக்கு உதவுவது அவருடைய முதல் கருத்து: இப்போது பெய்யும் மழையை உடனுக்குடன் பார்த்து, அடுத்த இரண்டு மணி நேரத்தைக் கணிப்பது. அதற்கான கண் ரேடார்.

இந்தியாவின் முதல் டாப்ளர் வானிலை ரேடார் 2002இல் நிறுவப்பட்டது வடசென்னையின் வாசலில்தான்: ராஜாஜி சாலையில், துறைமுகத்தின் நூற்றாண்டுக் கட்டடத்தின் உச்சியில். வங்கக் கடலில் வரும் புயலை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவிலேயே காண அது ஏற்ற இடம். ஆனால் மிக அருகே எழும் மேகத்தை முழுதாகப் பார்க்க அதே இடம் தடையாகிறது. இத்தகைய ரேடார்கள் வழக்கமான சுழற்சியில் தம் கதிரைச் சுமார் 20 டிகிரி வரைதான் மேலே உயர்த்துகின்றன. 15 கிலோமீட்டர் தொலைவில் அந்தக் கதிர் தொடும் உயரம் ஐந்தரை கிலோமீட்டர். இடிமேகத்தின் உச்சியோ 12 கிலோமீட்டரையும் தாண்டும். மேகத்தின் மேற்பாதி, அங்கே சேர்ந்துகொண்டிருக்கும் நீரோடும் பனிக்கட்டியோடும் சேர்ந்து, பார்வைக்கு வெளியே நின்றுவிடுகிறது. பள்ளிக்கரணையில் உள்ள எக்ஸ் பேண்ட் ரேடாரும் ஸ்ரீஹரிகோட்டாவில் உள்ள ரேடாரும் இந்த இடைவெளியை நிரப்பலாம். ஆனால் எக்ஸ் பேண்ட் வகையின் கதிர் பெருமழையில் வலுவிழக்கும். ஸ்ரீஹரிகோட்டா ரேடார் ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. மூன்றையும் இணைத்துப் பார்த்தால் மணலிக்கு ஒரு மணி நேர முன்னறிவிப்பு இயலாத காரியமில்லை. அந்த ஒரு மணி நேரம் மணலி சடையங்குப்பத்தில் தரைத்தளத்தில் வாழும் குடும்பத்துக்குப் பெரியது.

மிக்ஜாம்: கணிப்பு சரியாக இருந்தபோது

இதுவரை சொன்னதை வைத்து, கருவியும் கணினியும் கூடினால் போதும் என்ற முடிவுக்கு ஒருவர் வரலாம். 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயல் அந்த முடிவை ஏற்கவிடாது.

அந்தப் புயல் பற்றி முன்கூட்டியே எச்சரிக்கை வந்தது. துறைமுகங்களில் எச்சரிக்கைக் கூண்டுகள் ஏற்றப்பட்டன. மீனவர்கள் கடலுக்குச் செல்லவில்லை. பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டது. டிசம்பர் 4 அன்று சென்னைக்கு ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவில் மெதுவாக நகர்ந்த புயல், மறுநாள் ஆந்திராவின் பாபட்லா அருகே கரையைக் கடந்தது. இரண்டு நாள் மழை நகரின் பல இடங்களில் 40 செ.மீ.யை ஒட்டியும் தாண்டியும் போனது. அளவில் பிழை இருந்திருக்கலாம். வருகிறது என்பதில் பிழை இல்லை.

எண்ணூருக்கு நேர்ந்த பேரிழப்போ எந்த அறிவிப்பிலும் இல்லாத ஒன்று. மணலியின் தொழிற்சாலைப் பகுதியில் புகுந்த வெள்ளத்தோடு எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாயில் இறங்கி, கொசஸ்தலையாற்றில் கலந்து, முகத்துவாரம் வழியே கடலுக்குச் சென்றது. சிபிசிஎல் சுத்திகரிப்பு ஆலை வளாகத்திலிருந்து அது வெளியேறியதாக மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கூறியது. தன் குழாய்களில் கசிவு இல்லை என்று நிறுவனம் விளக்கமளித்தது. பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. நெட்டுக்குப்பம், தாழங்குப்பம், காட்டுக்குப்பம் முதலிய ஊர்களின் படகுகளும் வலைகளும் கறுத்துப்போயின. அரசு அறிவித்த நிவாரணம் பாதிப்பின் அளவைச் சொல்லும்: 2,301 மீனவர் குடும்பங்களுக்குத் தலா ரூ.12,500, பாதிக்கப்பட்ட 6,700 குடும்பங்களுக்குத் தலா ரூ.7,500, 787 படகுகளுக்குத் தலா ரூ.10,000.

மழையைக் கணித்த மாதிரிக்குத் தரையில் என்ன இருக்கிறது என்பது தெரியாது. தெரிந்திருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவும் இல்லை. 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, அது எந்தத் திசையில் நகரும் என்று ஹைதராபாத்தின் கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் மாதிரி மூலம் கணித்தது. அப்படியிருந்தும் எர்ணாவூர்க் கரையில் இளைஞர்களும் மீனவர்களும் வாளிகளால் எண்ணெயை அள்ளினார்கள். கடலில் எண்ணெயின் பாதையைக் கணிக்கும் அறிவு அப்போதே நாட்டில் இருந்தது. ஆலையின் மதிலுக்கு உள்ளே நிற்கும் எண்ணெய், வெள்ளம் வந்தால் எந்த வாய்க்காலில் இறங்கும் என்ற கணக்கு ஏழு ஆண்டுகள் கழித்தும் வெள்ள மாதிரிகளின் பகுதியாகவில்லை.

கழிமுகம் என்ற சிக்கல்

2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னைக்கு வெள்ள மாதிரிகள் வந்தன. மும்பை ஐஐடியின் சுபிமல் கோஷும் பிற நிறுவனங்களின் ஆய்வாளர்களும் சேர்ந்து, வானிலை, ஆற்று நீரோட்டம், அலையேற்றம் மூன்றையும் கோத்த அமைப்பை உருவாக்கினார்கள். தேசியக் கடலோர ஆய்வு மையம் 2019 முதல் அதை இயக்குகிறது. தமிழ்நாடு அரசு கொசஸ்தலையாறு, கூவம், அடையாறு, கோவளம் வடிநிலங்களின் 4,974 சதுர கிலோமீட்டருக்கு, ரூ.107.20 கோடியில் நிகழ்நேர வெள்ள முன்னறிவிப்பு அமைப்பை மேற்கொண்டது. இவை தேவையான முயற்சிகள். இவற்றின் தரம், தரையைப் பற்றி அவற்றுக்குத் தரப்படும் தகவலைப் பொறுத்தது.

எண்ணூரின் தரை ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. முகத்துவாரத்தில் மணல் திட்டு வளர்ந்து அடைக்கிறது, தூர்வாரினால் திறக்கிறது. அனல் மின்நிலையச் சாம்பல் ஆற்றுப்படுகையில் படிந்து ஆழத்தைக் குறைத்திருக்கிறது. உப்பளங்களும் அலையாத்திப் புதர்களும் இருந்த இடங்கள் துறைமுகத்துக்காகவும் நிலக்கரிக் கிடங்குகளுக்காகவும் மேடாக்கப்பட்டன. பூண்டி ஏரியிலிருந்து திறக்கப்படும் உபரிநீர், கடல் ஏற்றத்தில் இருக்கும் நேரத்தில் இங்கே வந்து சேர்ந்தால் வடிய வழியில்லாமல் பின்வாங்கும். ஐந்து ஆண்டுகளுக்கு முந்தைய ஆழ அளவீட்டை வைத்து ஓடும் மாதிரி, இல்லாத ஓர் ஆற்றின் வெள்ளத்தையே கணிக்கும்.

கடற்கரைக்கும் இதுவே பொருந்தும். 1870களில் சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் எழத் தொடங்கியபின், கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணல் தெற்கே தடுக்கப்பட்டு மெரினா அகன்றது. ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கடல் ஊர்களுக்குள் ஏறியது. கொட்டிய கற்களும் தூண்டில் வளைவுகளும் அதன் பின்விளைவு. புயல் அலை எவ்வளவு உள்ளே வரும் என்ற கேள்விக்கு இங்கே விடை சொல்வதில் வளிமண்டலத்தைவிட மனிதர் கட்டிய கல்லுக்குப் பெரும்பங்கு உண்டு.

காலநிலை மாதிரி எதைச் சொல்கிறது

நீண்ட காலக் கணிப்பில் எச்சரிக்கையோடு பேச வேண்டியிருக்கிறது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும் என்பது இயற்பியல் விதி. ஆகவே பெருமழை வலுக்கும் என்பது பொதுவாகச் சரி. ஆனால் 2015 டிசம்பர் மழையை ஆராய்ந்து 2016இல் முடிவு வெளியிட்ட வான் ஓல்டன்போர்க் குழுவினர், அந்த நிகழ்வில் புவி வெப்பமாதலின் தெளிவான தடயத்தைக் காணவில்லை. வங்கக் கடலின் மேற்குப் பகுதியின் மேற்பரப்பு அப்போதைய பதிவுகளில் குறிப்பிடத்தக்க அளவு சூடேறவில்லை. காற்றில் மிதக்கும் மாசுத் துகள்கள் சூரிய ஒளியை மறைத்துக் குளிர்வித்தது காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் கருதினர்.

இந்த முடிவைச் சிலர் காலநிலை மாற்றமே இல்லை என்பதற்குச் சான்றாக்கினார்கள். அது தவறான வாசிப்பு. துகள் மறைப்பு உண்மையானால், நிலக்கரி எரிப்பின் புகை கட்டுப்படுத்தப்படும் நாளில் மறைந்திருந்த வெப்பம் வெளிப்படும் என்றே பொருள். எண்ணூர்ப் பட்டைக்கு இதில் இரட்டை நிலை: வடசென்னை, வல்லூர் அனல் மின்நிலையங்களின் புகையைச் சுவாசிப்பவர்களும் இவர்களே, பின்னர் வரும் மழையை ஏற்பவர்களும் இவர்களே. அந்தப் புகையை நீக்குவதைத் தள்ளிப்போட இது காரணமாகாது. காலநிலை மாதிரிகளின் கட்டம் பெரும்பாலும் நூறு கிலோமீட்டர் அளவினது என்பதையும் சேர்த்தால், ‘2050இல் எண்ணூரில் மழை இத்தனை விழுக்காடு கூடும்’ என்று துல்லிய எண் சொல்லும் எந்த அறிக்கையையும் நான் ஐயத்தோடுதான் படிப்பேன். கடல் மட்ட உயர்வு மட்டும் அப்படியில்லை. அதன் திசை உறுதி; முகத்துவாரத்தில் வெள்ளம் வடியும் நேரத்தை அது ஆண்டுதோறும் நீட்டுகிறது.

செய்ய வேண்டியவை

எண்ணூருக்குக் கூடுதல் மழைமானி வைப்பது கடலில் பெருங்காயம் கரைத்த கதை, அரசுக்கு வேறு முன்னுரிமைகள் உண்டு என்று ஒரு வாதம் எழலாம். செலவை வைத்துப் பார்த்தால் அது நிற்காது. 2022-23 நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாடு அரசு இரண்டு ரேடார்கள், 100 தானியங்கி வானிலை நிலையங்கள், 400 மழைமானிகள் உள்ளிட்ட வானிலைக் கட்டமைப்புக்கு ஒதுக்குவதாக அறிவித்தது ரூ.10 கோடி. மிக்ஜாமுக்குப் பிறகு எண்ணெய் நிவாரணத்துக்கு மட்டும் ஏறத்தாழ அதே அளவு பணம் அறிவிக்கப்பட்டது.

எண்ணூர்க் கழிமுகத்தை மாவட்ட எல்லை கடந்த ஒரே எச்சரிக்கை வட்டமாக அறிவிக்க வேண்டும். அங்கே நிலையான வானிலைக் கூடம் ஒன்றும், முகத்துவாரத்தில் நீர்மட்டமானியும் அமைத்து, அவற்றின் தரவைப் பொதுமக்கள் எவரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். ஒவ்வொரு பருவமழைக்கும் முன் கழிமுகத்தின் ஆழத்தை அளந்து வெள்ள மாதிரியில் ஏற்ற வேண்டும். மணலியின் ஒவ்வோர் ஆலையிலிருந்தும் மழைநீர் எந்த வாய்க்காலில் இறங்குகிறது என்பது அந்த மாதிரியில் இடம்பெற வேண்டும். அனுமதி கேட்கும்போதே ஆலைகள் தங்கள் வளாக வரைபடத்தை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கொடுக்கின்றன. முகத்துவாரம் எப்போது அடைகிறது என்பதை நாள்தோறும் காணும் மீனவர்களின் பார்வையை முறையான பதிவாக ஏற்கவும் வேண்டும். கிருஷ்ணமூர்த்தியின் முறைக்குத் தேவையான உள்ளூர்ச் சாட்சி அவர்களிடம் இருக்கிறது. அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே தொடங்கக்கூடியவை இவை. தொடங்கும்படி அரசையும் வானிலைத் துறையையும் கேட்கும் உரிமை எண்ணூர் மக்களுக்கு உண்டு. அவர்களோடு சேர்ந்து கேட்க வேண்டியது நகரின் பிற பகுதிகளில் வாழும் நம் கடமை.